பல கம்பெனிகள், ஒரே மென்பொருள்: டேட்டாபேஸில் எல்லை எங்கே போடுவது?

கேள்வி இதுதான். சிங்கப்பூரில் ஊபியில் மூன்று பேர் சேர்ந்து சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான பில்லிங், ஸ்டாக், கணக்கு, சம்பளம் எல்லாம் அடங்கிய மென்பொருள் எழுதுகிறார்கள். முதல் வாடிக்கையாளர் தேக்காவில் ஒரு மளிகை மொத்த வியாபாரி, அடுத்தவர் துவாஸில் ஒரு பட்டறை. முதல் ஆண்டுக்குள் நாற்பது கம்பெனிகள் வரலாம் என்று எதிர்பார்க்கிறார்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி டேட்டாபேஸ் வைப்பதா, இல்லை எல்லாரையும் ஒரே டேட்டாபேஸில் போட்டு எல்லா டேபிளிலும் கம்பெனி ஐடி என்று ஒரு ஃபீல்டு சேர்த்தால் போதுமா?

என் பதில்: ஒரே டேட்டாபேஸ் போதும். ஆனால் ஒரு ஃபீல்டு சேர்ப்பது மட்டும் போதாது. கம்பெனிகளுக்கு நடுவே உள்ள எல்லையை டேட்டாபேஸே காக்க வேண்டும், புரோகிராமரின் ஞாபகத்தை நம்பி அது இருக்கக் கூடாது. இதை ஆரம்பத்திலேயே சரியாகச் செய்துவிட்டால், பிற்பாடு ஒரு பெரிய வாடிக்கையாளரைத் தனியாகப் பிரித்து வைக்க வேண்டி வந்தாலும் சுலபமாக முடியும். செய்யாமல் விட்டால் நாற்பது தனி டேட்டாபேஸ் வைத்திருந்தாலும் ரிப்போர்ட்டிலோ ஃபைல் சேமிப்பிலோ வேறு எங்காவது ஒழுகும்.

ஆனால் எல்லை போடுவதற்கு முன்னால், எல்லைக்குள் இருப்பது யார் என்று முடிவு செய்ய வேண்டும், பெரும்பாலான குழுக்கள் இதைத்தான் யோசிக்காமல் தாண்டிப் போகின்றன. உங்கள் மென்பொருளுக்குச் சந்தா கட்டுபவர் ஒருவர். சிங்கப்பூரின் நிறுவனப் பதிவு ஆணையமான ஆக்ராவில் (ACRA) பதிவான நிறுவனம் இன்னொன்று. லாகின் செய்கிற ஆள் மூன்றாவது. மூன்றையும் 'கம்பெனி' என்ற ஒரே டேபிளில் அடைத்தால் முதல் சில மாதங்கள் நன்றாகத்தான் ஓடும். அப்புறம் துவாஸ் பட்டறைக்காரர் வந்து, "எனக்கு மூணு பிரைவேட் லிமிடெட் இருக்கு, ஒண்ணு பட்டறை, ஒண்ணு இயந்திரம் வாடகைக்கு விடுறது, ஒண்ணு டிரேடிங், மூணுக்கும் ஒரே வாடிக்கையாளர் பட்டியல் வேணும், மொத்தமா ஒரு லாப நட்டமும் பார்க்கணும்" என்பார். அடுத்த வாரமே ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகம், தன்னிடம் கணக்கு எழுதக் கொடுத்திருக்கிற அறுபது நிறுவனங்களையும் ஒரே லாகினில் பார்க்க வேண்டும் என்று கேட்கும். இரண்டும் மேலோட்டமாக ஒன்று போலத் தெரிகின்றன, ஆனால் நேர் எதிரானவை. பட்டறைக்காரரின் மூன்று நிறுவனங்களும் ஒருவரையொருவர் பார்க்கலாம். தணிக்கை அலுவலகத்தின் அறுபது வாடிக்கையாளர்கள் ஒருவரையொருவர் பார்க்கவே கூடாது, அந்த அலுவலகத்தின் ஊழியர் மட்டும் எல்லாவற்றுக்குள்ளும் போய் வரலாம்.

ஆகவே மூன்று அடுக்கு வையுங்கள். மேலே டெனன்ட், அதாவது தன் தரவு மற்றவர்களிடமிருந்து பிரிந்திருக்க வேண்டிய ஒரு வாடிக்கையாளர், அதுதான் நம்பிக்கையின் எல்லை, அதற்கு வெளியே எதுவும் கசியக் கூடாது. அதற்குள்ளே ஒன்றோ பலவோ நிறுவனங்கள், இவை சட்டப்படி தனித்தனியாகக் கணக்குக் காட்ட வேண்டியவை. பயனர் இந்த இரண்டுக்கும் வெளியே நிற்பவர், எந்த டெனன்ட்டில் என்ன பொறுப்பு, எந்த நிறுவனம் வரைக்கும் அனுமதி என்பதை ஓர் உறுப்பினர் டேபிள் சொல்லும். பயனர் டேபிளிலேயே கம்பெனி ஐடியை வைத்துவிட்டால், தணிக்கை அலுவலக ஊழியர் ஒருவர் அறுபது மின்னஞ்சல் முகவரி உருவாக்க வேண்டியிருக்கும்.

டெனன்ட்டுக்குள் எது பொது, எது நிறுவனத்துக்குச் சொந்தம் என்பதிலும் கவனம் வேண்டும். வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு ஆள் டெனன்ட் அளவில் பொதுவாக இருக்கலாம். ஆனால் கடன் வரம்பு, எத்தனை நாள் தவணை, எந்தக் கணக்குத் தலைப்பில் வரவு என்பதெல்லாம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அவை தனி டேபிளில் இருக்கட்டும். வவுச்சர், இன்வாய்ஸ், பேரேட்டுப் பதிவு எல்லாவற்றிலும் டெனன்ட் ஐடி, நிறுவன ஐடி இரண்டுமே வேண்டும்.

ஜிஎஸ்டி பதிவையும் நிறுவன டேபிளில் ஒரு ஃபீல்டாக வைக்காதீர்கள். சிங்கப்பூரில் ஒரே கட்டுப்பாட்டில் உள்ள பல நிறுவனங்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து ஜிஎஸ்டி பதிவு செய்துகொள்ள வரித்துறையான ஐராஸ் அனுமதிக்கிறது, அப்போது அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே கணக்கு அறிக்கைதான் போகும். ஆண்டு வருவாய் ஒரு மில்லியன் சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டாத சின்னக் கடைகள் பதிவே செய்யாமல் இருக்கலாம், பிறகு ஒரு நாள் பதிவு செய்வார்கள், சில சமயம் ரத்தும் செய்வார்கள். ஆகவே ஜிஎஸ்டி பதிவு என்பது தொடக்க நாள், முடிவு நாளோடு கூடிய தனி டேபிள், எந்த நிறுவனம் எந்தக் காலத்தில் எந்தப் பதிவின் கீழ் இருந்தது என்று இன்னொரு டேபிள் இணைக்கும்.

நிறுவன அடையாள எண்ணான யூஇஎன்-ஐ பிரைமரி கீயாக (டேபிளில் ஒவ்வொரு ரெக்கார்டையும் தனித்துக் காட்டும் ஃபீல்டாக) வைக்கலாமா என்று பலர் கேட்பார்கள், 2009 முதல் எல்லா அமைப்புகளுக்கும் ஒரே அடையாள எண் இருக்கிறதே என்று. வேண்டாம். தனி உரிமையாளராகப் பதிவு செய்து கடை நடத்தியவர் பிரைவேட் லிமிடெட் ஆனால் புது எண் வரும், ஜோகூர் கிளைக்கு அது இருக்காது, சோதனைக்காகவும் உண்மைப் பயன்பாட்டுக்காகவும் ஒரே நிறுவனத்தை இரண்டு முறை அமைப்பவர்களும் உண்டு. அதை ஒரு சாதாரண எழுத்து ஃபீல்டாக வையுங்கள். எண்ணாக வைத்தால் எழுத்து சேர்ந்து வரும் எண்களில் சிக்குவீர்கள்.

இப்போது தனியா, சேர்ந்தா என்ற கேள்விக்கு வருவோம். வழி மூன்று: டெனன்ட்டுக்கு ஒரு டேட்டாபேஸ், ஒரே டேட்டாபேஸில் டெனன்ட்டுக்கு ஒரு ஸ்கீமா (டேட்டாபேஸுக்குள் டேபிள்களின் தனித் தொகுப்பு), ஒரே டேபிளில் எல்லாரும்.

தனி டேட்டாபேஸின் நன்மைகள் உண்மையானவை. ஒரு வாடிக்கையாளர் தவறுதலாக ஸ்டாக் முழுவதையும் அழித்துவிட்டார், நேற்று இரவு இருந்த நிலைக்குத் திருப்பிக் கொடுங்கள் என்றால் அவருடையதை மட்டும் திருப்பலாம். ஒருவர் விலகினால் அந்த டேட்டாபேஸை ஒப்படைத்துவிட்டு அழித்துவிடலாம். ஆனால் மூன்று பேர் கொண்ட குழுவுக்கு இதன் விலை அதிகம். ஒரு டேபிளில் ஒரு ஃபீல்டு சேர்க்க வேண்டுமானால் நாற்பது இடத்தில் மைக்ரேஷன், அதாவது டேபிள் அமைப்பை மாற்றும் நிரல், ஓட வேண்டும், முப்பத்தேழில் ஓடி மூன்றில் நின்றால் அன்று முதல் உங்கள் மென்பொருள் இரண்டு வடிவங்களுக்கும் ஈடுகொடுக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் ஒரு கனெக்ஷன் ஒரு டேட்டாபேஸோடு மட்டும்தான் பேசும், வேறொன்றுக்கு மாற முடியாது. டெனன்ட்டுக்கு ஐந்து கனெக்ஷன் வைத்தாலே நாற்பது பேருக்கு இருநூறு, ஆனால் போஸ்ட்கிரெஸ் நிறுவியவுடன் இருக்கும் உச்ச வரம்பு நூறுதான். வரம்பை உயர்த்தலாம், ஆனால் ஒவ்வொரு கனெக்ஷனும் ஒரு தனி பிராசஸ், நினைவகம் எடுக்கும்.

ஸ்கீமா வழியை நான் பரிந்துரைப்பதில்லை. பார்க்க அழகாக இருக்கும், ஒரே டேட்டாபேஸ், உள்ளே நாற்பது அறை. ஆனால் மைக்ரேஷன் தொல்லை அப்படியே இருக்கிறது, நூற்றைம்பது டேபிள் உள்ள மென்பொருளுக்கு நாற்பது ஸ்கீமா என்றால் ஆறாயிரம் டேபிள், அதற்கு மேல் தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸ்கள், பேக்கப் எடுப்பதிலிருந்து எல்லாமே மெதுவாகும். தனியாக வைப்பதன் முழுப் பாதுகாப்பும் கிடைக்காது, சேர்த்து வைப்பதன் எளிமையும் கிடைக்காது.

அளவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு மொத்த வியாபாரி ஒரு நாளைக்கு இருநூறு இன்வாய்ஸ் போடுகிறார், ஒவ்வொன்றிலும் ஐந்து பொருள், ஆண்டுக்கு முந்நூறு வேலை நாள் என்றால் ஆண்டுக்கு மூன்று லட்சம் ரெக்கார்டு. நாற்பது பேருமே அவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும் 12 மில்லியன். இன்டெக்ஸ் ஒழுங்காக இருந்தால் ஒரு சாதாரண சர்வரில் போஸ்ட்கிரெஸ் இதைச் சிரமமில்லாமல் தாங்கும். உலகின் மிகப் பெரிய வணிக மென்பொருள்களில் ஒன்றான சேல்ஸ்ஃபோர்ஸே எண்ணற்ற வாடிக்கையாளர்களைப் பொது டேபிள்களில், ஒவ்வொரு ரெக்கார்டிலும் நிறுவன அடையாளத்தைப் போட்டு வைக்கும் வடிவமைப்பில்தான் வளர்ந்தது.

இனி முக்கியமான பகுதி, கீ. பொதுவாக என்ன செய்வார்கள்? எல்லா டேபிளிலும் ஐடி என்று ஒரு பிரைமரி கீ, பக்கத்தில் டெனன்ட் ஐடி, அப்புறம் ஒவ்வொரு குவெரியிலும் "இந்த டெனன்ட் மட்டும்" என்ற நிபந்தனை. இதில் இரண்டு ஓட்டைகள். ஒன்று எல்லாருக்கும் தெரியும், யாரோ ஒருவர் வெள்ளிக்கிழமை மாலை அவசரமாக எழுதிய ரிப்போர்ட்டில் நிபந்தனை விடுபட்டுப் போகும். இரண்டாவது ஓட்டை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இன்வாய்ஸ் டேபிளில் வாடிக்கையாளர் ஐடிக்கு ஃபாரின் கீ (வேறொரு டேபிளின் ரெக்கார்டைச் சுட்டும் இணைப்பு) போட்டிருப்பீர்கள். அந்த ஃபாரின் கீ சரிபார்ப்பது, அப்படி ஒரு வாடிக்கையாளர் எங்காவது இருக்கிறாரா என்பதை மட்டும்தான். அவர் வேறொரு டெனன்ட்டின் வாடிக்கையாளராக இருந்தாலும் டேட்டாபேஸ் சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளும். இறக்குமதி செய்த எக்செல் ஃபைலிலோ ஏபிஐ (வேறு மென்பொருள்கள் வந்து பேசும் வாசல்) வழியாகவோ ஒரு தவறான ஐடி வந்தால் போதும், தேக்கா வியாபாரியின் இன்வாய்ஸில் துவாஸ் பட்டறையின் வாடிக்கையாளர் பெயர் அச்சாகும்.

இதைத் தடுக்க பிரைமரி கீயையே டெனன்ட் ஐடி, ஐடி என்ற இரண்டும் சேர்ந்ததாக வையுங்கள், ஃபாரின் கீயும் இரண்டையும் சேர்த்தே சுட்டட்டும். இன்வாய்ஸின் டெனன்ட் ஐடியும் வாடிக்கையாளரின் டெனன்ட் ஐடியும் ஒரே ஃபீல்டு என்பதால், எந்தப் பிழையும் எந்த அவசரமும் ஒருவருடைய வாடிக்கையாளரை இன்னொருவருடைய இன்வாய்ஸில் ஒட்ட வைக்க முடியாது, டேட்டாபேஸ் மறுத்துவிடும். ஒரே டெனன்ட்டுக்குள் நிறுவனங்கள் கலக்கக் கூடாத இடங்களில், உதாரணமாக வவுச்சரும் அதன் வரிகளும், நிறுவன ஐடியையும் கீயில் சேருங்கள். எழுதும்போது நீளமாகத்தான் இருக்கும், டேபிள்களை நிரலோடு இணைக்கும் ஓஆர்எம் கருவிகள் சில முகம் சுளிக்கும். பரவாயில்லை, எழுதுங்கள்.

தனித்துவக் கட்டுப்பாடுகளும் அப்படியே. இன்வாய்ஸ் எண் உலகம் முழுவதற்கும் தனித்துவமாக இருக்க வேண்டியதில்லை, அந்த நிறுவனத்துக்குள் இருந்தால் போதும். பொதுவாகப் போட்டுவிட்டால், ஒருவர் 'ஐஎன்வி-0001' என்று தொடங்கியதால் இன்னொருவரால் அதே எண்ணில் தொடங்க முடியாது, அதோடு "இந்த எண் ஏற்கெனவே உள்ளது" என்ற பிழைச்செய்தி வழியாகப் பக்கத்து டெனன்ட்டில் என்ன இருக்கிறது என்பதும் வெளியே தெரிந்துவிடும்.

டெனன்ட் ஐடியை ஒரு சின்ன முழு எண்ணாக, ஒரே ஒரு மையப் பட்டியலிலிருந்து கொடுங்கள். அது எல்லா ரெக்கார்டிலும் எல்லா இன்டெக்ஸிலும் வருவதால் நான்கு பைட்டில் முடிவது நல்லது. மற்ற ஐடிகளுக்கு யூயூஐடி (மோதாதபடி உருவாக்கும் நீளமான அடையாள எண்) ஏழாம் பதிப்பு என் தேர்வு. 2024-இல் அது முறையான தரமாக வந்துவிட்டது, நேர வரிசையில் உருவாவதால் இன்டெக்ஸ் சிதறாது, வெளியே தெரிந்தாலும் நீங்கள் எத்தனை ஆர்டர் வாங்கியிருக்கிறீர்கள் என்று யாரும் எண்ணிப் பார்க்க முடியாது. எங்கேயும் மோதாது என்பதால் நாளைக்கு ஒரு டெனன்ட்டை வேறு சர்வருக்கு மாற்றுவதும் வெறும் நகல் எடுக்கும் வேலையாகிவிடும்.

கீ என்பது தப்பான இணைப்பைத் தடுக்கும், தப்பாகப் படிப்பதைத் தடுக்காது. அதற்கு ரோ லெவல் செக்யூரிட்டி, அதாவது ரெக்கார்டு வாரியான பாதுகாப்பு. போஸ்ட்கிரெஸில் 9.5 பதிப்பிலிருந்து, அதாவது 2016 தொடக்கத்திலிருந்து இருக்கிறது, மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வரிலும் 2016 பதிப்பில் வந்தது. மைஎஸ்கியூஎலில் இது உள்ளமைந்த வசதியாக இல்லை, புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் போஸ்ட்கிரெஸைச் சொல்வதற்கு இது ஒரு பெரிய காரணம். வேலை செய்யும் விதம் எளிது: ஒவ்வொரு டேபிளுக்கும் ஒரு கொள்கை எழுதுகிறீர்கள், இப்போதைய டெனன்ட் எதுவோ அதன் ரெக்கார்டு மட்டும்தான் கண்ணில் படும் என்று. ஒவ்வொரு டிரான்சாக்ஷன் (முழுதாக நடக்கும், இல்லையேல் முழுதாக ரத்தாகும் வேலைத் தொகுப்பு) தொடங்கும்போதும் இப்போதைய டெனன்ட் யார் என்பதை மென்பொருள் சொல்லிவிடும். அதன்பின் குவெரியில் நிபந்தனை விடுபட்டாலும் அடுத்தவர் ரெக்கார்டு வராது.

ஆனால் இதில் சில பொறிகள் உள்ளன, ஒவ்வொன்றையும் தெரிந்துகொள்ளாமல் இதை நம்பக் கூடாது. டேபிளின் உரிமையாளருக்கு இந்தக் கொள்கை இயல்பாகப் பொருந்தாது. மைக்ரேஷன் ஓட்டுகிற அதே டேட்டாபேஸ் யூசரை வைத்து மென்பொருளையும் ஓட்டினால், கொள்கை எழுதியும் அது ஒரு நாளும் வேலை செய்யாது, யாருக்கும் தெரியவும் தெரியாது. உரிமையாளருக்கும் பொருந்தும்படி கட்டாயப்படுத்த ஒரு கட்டளை உண்டு, அதைப் போடுங்கள். அதோடு மென்பொருளுக்கென்று உரிமை குறைந்த தனி யூசர் வையுங்கள். சூப்பர்யூசருக்கு எந்தக் கட்டாயமும் செல்லாது. அடுத்தது வியூ, அதாவது பெயரிட்டுச் சேமித்த குவெரி. வியூ இயல்பாக அதை உருவாக்கியவரின் உரிமையில் ஓடும், கேட்பவரின் உரிமையில் ஓடாது, ஆகவே உரிமையாளர் எழுதிய ஒரு ரிப்போர்ட் வியூ எல்லா டெனன்ட்டையும் காட்டிவிடலாம். 2022-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 15-ஆம் பதிப்பில் இதை மாற்றும் வசதி வந்தது, ஒவ்வொரு வியூவிலும் அதைக் குறிப்பிட வேண்டும். குவெரியின் விடையையே சேமித்து வைக்கும் மெட்டீரியலைஸ்டு வியூவுக்கு இந்தப் பாதுகாப்பே கிடையாது. ஃபாரின் கீ சரிபார்ப்பும் இந்தக் கொள்கையைத் தாண்டித்தான் நடக்கும், மேலே சொன்ன கூட்டு கீ ஏன் தனியாகத் தேவை என்பதற்கு இதுவே காரணம். ஒன்று இருக்கிறதே என்று மற்றொன்றை விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, டெனன்ட் யார் என்பதை கனெக்ஷன் அளவில் சொல்லாமல் டிரான்சாக்ஷன் அளவில் சொல்லுங்கள். பிஜிபவுன்சர் போன்ற, கனெக்ஷன்களைப் பலருக்கும் பகிர்ந்து கொடுக்கும் பூலை டிரான்சாக்ஷன் முறையில் வைத்தால் ஒரே கனெக்ஷனை அடுத்த நொடியில் வேறொருவர் பயன்படுத்துவார், முந்தையவர் விட்டுப்போன டெனன்ட் ஐடி அப்படியே இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. டெனன்ட் சொல்லப்படாத நிலையில் ஒரு ரெக்கார்டும் வராமலோ பிழையோடு நிற்கும்படியோ கொள்கையை எழுதுங்கள்.

டேட்டாபேஸுக்கு வெளியேயும் எல்லை தொடர வேண்டும். பின்னணியில் ஓடும் வேலைகள், கேஷ் (வேகத்துக்காக வைக்கும் தற்காலிக நகல்), தேடல் இன்டெக்ஸ், இன்வாய்ஸ் பிடிஎஃப் சேமிக்கும் இடம், இவை எல்லாவற்றின் கீயிலும் டெனன்ட் ஐடி முதலில் வர வேண்டும். நான் பார்த்த வரையில் கசிவுகள் பெரும்பாலும் இங்கேதான் நடக்கின்றன, டேட்டாபேஸில் அல்ல. டெஸ்ட் தரவில் எப்போதும் இரண்டு டெனன்ட் வையுங்கள், இரண்டாமவரின் பெயர்களில் எளிதில் தேடக்கூடிய ஒரு குறி இருக்கட்டும், முதலாமவராக நுழைந்து மென்பொருளின் ஒவ்வொரு பக்கத்தையும் ஒவ்வொரு ஏபிஐயையும் அழைத்து அந்தக் குறி எங்காவது வருகிறதா என்று தானாகச் சரிபார்க்கும் டெஸ்ட் ஒன்று கட்டாயம் வேண்டும்.

எல்லா டேபிளிலும் டெனன்ட் ஐடி வேண்டும் என்றேன், விதிவிலக்கு உண்டு. ஜிஎஸ்டி விகிதம், மத்திய சேமநிதி விகிதங்கள், நாணயங்கள், இவை நாட்டுக்குப் பொது. நாற்பது பேருக்கும் நாற்பது நகல் வைத்தால் ஒரு பட்ஜெட் அறிவிப்புக்கு நாற்பது இடத்தில் திருத்த வேண்டும். ஆனால் இவற்றில் நாள் என்பது கீயின் பகுதி. ஜிஎஸ்டி 2022 முடியும் வரை 7 விழுக்காடு, 2023 ஜனவரி 1 முதல் 8, 2024 ஜனவரி 1 முதல் 9. மத்திய சேமநிதிக்கான மாதச் சம்பள உச்சவரம்பு 6,000 வெள்ளியாக இருந்தது, 2023 செப்டம்பரில் 6,300, 2024 ஜனவரியில் 6,800, 2025-இல் 7,400, 2026-இல் 8,000 என்று ஏறிக்கொண்டே வந்தது. 'இப்போதைய விகிதம்' என்று ஒரு ஃபீல்டு வைத்தவர்கள் ஒவ்வொரு ஜனவரியும் கையால் திருத்தி, அதோடு பழைய சம்பளச் சீட்டையும் கெடுத்துக்கொண்டார்கள். எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்று வையுங்கள். அதோடு, இன்வாய்ஸின் ஒவ்வொரு வரியிலும் அன்று போட்ட விகிதத்தையும் வரித் தொகையையும் அப்படியே எழுதிச் சேமியுங்கள். 2023 டிசம்பரில் 8 விழுக்காட்டில் போட்ட இன்வாய்ஸுக்கு 2024 பிப்ரவரியில் கிரெடிட் நோட் போட்டால் அதுவும் 8 விழுக்காட்டில்தான் போக வேண்டும், அப்போது பழைய வரியைப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.

கணக்குத் தலைப்புப் பட்டியல் வேறு ரகம். அதைப் பொதுவில் வைத்துப் பகிரக் கூடாது, ஒரு மாதிரிப் பட்டியல் வைத்துப் புது நிறுவனம் சேரும்போது நகல் எடுத்துக் கொடுங்கள், பிறகு அது அவர்களுடையது. நிதியாண்டு முடியும் மாதத்தையும் நிறுவனமே தேர்ந்தெடுக்கும், டிசம்பரும் இருக்கும், மார்ச்சும் இருக்கும், ஜூனும் இருக்கும். ஆண்டை நிரலில் எழுதி வைக்காமல் நிறுவனத்துக்கு நிறுவனம் கணக்குக் காலம் என்று ஒரு டேபிள் வைத்து, முடிந்த காலத்தைப் பூட்டும் வசதியும் அதிலேயே கொடுங்கள்.

நாளும் நேரமும் குழப்பமில்லாமல் இருக்க, இன்வாய்ஸ் தேதி வெறும் தேதியாக, நேரமில்லாமல் இருக்கட்டும். உருவாக்கிய நொடி தனி ஃபீல்டு, உலகப் பொது நேரத்தில். சென்னையில் கிளை வைத்திருக்கும் ஒருவர் அங்கே மார்ச் 31 இரவு 11 மணிக்குப் போடும் இன்வாய்ஸ் சிங்கப்பூர் நேரத்தில் ஏப்ரல் 1 அதிகாலை 1.30. நேரத்திலிருந்து தேதியைக் கணக்கிட்டால் அது அடுத்த காலாண்டு ஜிஎஸ்டியில் போய் விழும்.

பெயர் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், நம்மவர்களுக்கு இது அன்றாடத் தொல்லை. முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டாய ஃபீல்டு வைக்காதீர்கள். நமக்குக் குடும்பப் பெயரே இல்லை, அடையாள அட்டையில் எஸ்/ஓ, டி/ஓ என்று வரும், மலாய்க்காரருக்கு பின், பிந்தி, சீனருக்குக் குடும்பப் பெயர் முதலில். முழுப் பெயர் ஒரு ஃபீல்டு, அழைக்கும் பெயர் இன்னொன்று, அவ்வளவே போதும்.

இன்வாய்ஸ் எண்ணுக்கு, டேட்டாபேஸ் தானாக அடுத்த எண்ணைக் கொடுக்கும் சீக்வென்ஸைப் பயன்படுத்தாதீர்கள். ஒரு டிரான்சாக்ஷன் ரத்தானால் சீக்வென்ஸ் எடுத்த எண் திரும்பி வராது, நடுவில் இடைவெளி விழும், ஆண்டு முடிவில் தணிக்கையாளர் 1047 எங்கே என்று கேட்பார். நிறுவனம், ஆவண வகை, ஆண்டு இவற்றுக்கு ஒரு ரெக்கார்டு வீதம் ஓர் எண் டேபிள் வைத்து, இன்வாய்ஸை உறுதி செய்யும் அதே டிரான்சாக்ஷனுக்குள் அந்த எண்ணை ஒன்று கூட்டி வாங்குங்கள். அந்த நொடி அந்த ரெக்கார்டு பூட்டப்படும், ஆனால் ஒரு நிறுவனத்துக்குள் மட்டும்தான், மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. வரைவாக இருக்கும்போது எண் கொடுக்க வேண்டாம்.

தொகைக்கு ஃப்ளோட் (பின்னங்களைத் தோராயமாகச் சேமிக்கும் எண் வகை) வேண்டாம், தசம எண் வகையே வேண்டும், நாணயத்துக்கு எத்தனை தசம இடம் என்பதை நாணய டேபிளிலிருந்து எடுங்கள். யென்னுக்குத் தசமமே இல்லை.

ஒவ்வொரு வாடிக்கையாளரும் தனக்கென்று சில ஃபீல்டு கேட்பார். மளிகைக்காரருக்குக் காலாவதி நாள், பட்டறைக்காரருக்கு வரைபட எண். நூறு வெற்று ஃபீல்டுகளை முன்கூட்டியே வைப்பதும், ஒவ்வொரு ஃபீல்டின் பெயரையும் மதிப்பையும் ஒரு ரெக்கார்டாகத் தனி டேபிளில் பிரித்து வைப்பதும் பழைய வழிகள், இரண்டாவது முறையில் ஒரு சாதாரணப் பட்டியல் எடுக்கவே பத்து ஜாயின் (டேபிள்களைச் சேர்த்துப் படிப்பது) போட வேண்டியிருக்கும். போஸ்ட்கிரெஸில் பெயர்-மதிப்பு ஜோடிகளை ஒரே ஃபீல்டில் சேமிக்கும் ஜேசான்பி வகை 2014 முதல் இருக்கிறது, அதில் ஒரு ஃபீல்டு வைத்து, என்னென்ன அனுமதி, என்ன வகை என்பதை டெனன்ட்டுக்கு ஒரு வரையறை டேபிளில் வையுங்கள். ஆனால் மூன்று, நான்கு பேர் ஒரே விஷயத்தைக் கேட்டால் அது உண்மையான ஃபீல்டாக வேண்டிய நேரம் வந்துவிட்டது. காலாவதி நாள் எனக்கு ஒருபோதும் ஜேசானில் இருக்க வேண்டிய சமாச்சாரமாகத் தோன்றவில்லை, ஸ்டாக் எதை முதலில் எடுப்பது என்பதே அதை வைத்துத்தான்.

இன்டெக்ஸ்களில் டெனன்ட் ஐடி முதலில் வரட்டும், அப்புறம் நிறுவனம், அப்புறம் தேதி. ஒருவர் மட்டும் மற்ற எல்லாரையும் விடப் பல மடங்கு பெரிதானால், அவருடைய தரவின் அளவை வைத்து, குவெரியை எப்படி ஓட்டுவது என்று டேட்டாபேஸ் போடும் திட்டம் சின்னவர்களுக்குப் பொருந்தாமல் போகும், அவருடைய மாத முடிவு ரிப்போர்ட் எல்லாரையும் மெதுவாக்கும். அப்போது அவரை மட்டும் தனி டேட்டாபேஸுக்கு மாற்றுங்கள். அதே டேபிள் அமைப்பு, அதே டெனன்ட் ஐடி, மையப் பட்டியலில் அவருடைய முகவரி மட்டும் மாறும். ஒப்பந்தத்திலேயே தனி டேட்டாபேஸ் வேண்டும் என்று கேட்கும் பெரிய வாடிக்கையாளருக்கும் இதே வழி, அதற்கான கூடுதல் கட்டணத்தையும் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, சேர்த்து வைப்பதில் உள்ள உண்மையான பலவீனம். பேக்கப்பிலிருந்து திருப்பினால் மொத்த டேட்டாபேஸும் பின்னோக்கிப் போகும், ஒருவரை மட்டும் திருப்ப முடியாது. ஆகவே முதல் வாடிக்கையாளர் வருவதற்கு முன்னாலேயே ஒரு டெனன்ட்டின் தரவு முழுவதையும் வெளியே எடுக்கும் கருவியையும், அதை ஒரு காலி டேட்டாபேஸில் ஏற்றும் கருவியையும் எழுதிவிடுங்கள். பேக்கப்பைத் தனி சர்வரில் திறந்து, அங்கிருந்து அந்த ஒரு டெனன்ட்டை மட்டும் எடுத்துத் திருப்பிக் கொடுக்க முடியும். எல்லா டேபிளிலும் டெனன்ட் ஐடி இருப்பதால் இந்தக் கருவி டேபிள் பட்டியலைப் பார்த்துத் தானாகவே எழுதிக்கொள்ளும் அளவுக்கு எளிது. பெரிய வாடிக்கையாளரைப் பிரிக்கவும், விலகுபவருக்குத் தரவை ஒப்படைக்கவும் இதே கருவிதான்.

விலகுபவரின் தரவை என்ன செய்வது என்பதில் இரண்டு கடமைகள் சந்திக்கின்றன. நிறுவனம் கணக்குப் பதிவேடுகளை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், அது அவர்கள் கடமை, ஆகவே அவர்களால் திறந்து படிக்கக் கூடிய வடிவில் ஒப்படையுங்கள். உங்கள் பக்கம், தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் தரவைக் கையாளும் இடைநிலை நிறுவனம், தேவை முடிந்த பிறகும் ஊழியர்களின் அடையாள அட்டை எண்ணையும் சம்பளத்தையும் வைத்திருக்கக் கூடாது, பாதுகாக்கும் பொறுப்பும் நேரடியாக உங்களுடையது. கசிவு நடந்தால் தாமதமின்றி அந்தந்த நிறுவனத்திடம் சொல்ல வேண்டும், 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டாலோ பெரிய தீங்கு வரக்கூடியதாக இருந்தாலோ, அது அறிவிக்க வேண்டிய கசிவு என்று மதிப்பிட்டதிலிருந்து 3 நாளுக்குள் அந்த நிறுவனம் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும். ஒரே டேட்டாபேஸில் நாற்பது நிறுவனங்களின் சம்பளப் பட்டியல் இருக்கும்போது அந்த 500 மிக எளிதில் வந்துவிடும், ஆகவே யார் எந்த டெனன்ட்டின் எந்த ரெக்கார்டைப் பார்த்தார் என்ற பதிவும், உங்கள் சொந்த ஊழியர்கள் உதவிக்காக உள்ளே நுழைந்ததன் பதிவும் தனி டேபிளில், மென்பொருளின் யூசரால் சேர்க்க மட்டும் முடிகிற, திருத்தவோ அழிக்கவோ முடியாத உரிமையோடு இருக்க வேண்டும். சம்பள டேபிளுக்கு அந்தப் பதிவை முதல் நாளே இயக்கிவிடுங்கள், மற்ற டேபிள்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.